விடுதலைக்கு முகூர்த்தம் குறிக்கும் தோழர்களுக்கு

நம் கட்சியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கே மூன்று நான்கு குழுக்களில் வந்துவிட்டது. கையிலிருந்து மைக்கைப் பிடுங்குகிறார்களே, அந்த ஆள் நான்தான். "ஏகாதிபத்தியக் கையாளின் கலாட்டா" என்று தலைப்பு வேறு. ஏகாதிபத்தியம் இதுவரை எனக்குச் சம்பளம் எதுவும் போடவில்லை. போட்டால் சொல்கிறேன், வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது.

பிரெஞ்சுக் காலனியாக இருந்த அல்ஜீரியாவின் விடுதலைக்குப் பிரெஞ்சு இடதுசாரிகள் செய்த தொண்டு பற்றி மேடையில் ஒரு தோழர் முக்கால் மணி நேரம் பேசினார். 1956 மார்ச் 12 பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதைத்தான் கேட்டேன். "அது அன்றைய ஸ்தூலமான சூழ்நிலை தோழர்" என்றார். என்ன சூழ்நிலை என்று கேட்டேன். மைக் போய்விட்டது.

மைக் இல்லாமலே சொல்கிறேன். அன்றைக்குப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் சோஷலிஸ்ட் பிரதமர் கி மொல்லே அல்ஜீரியாவுக்கு 'சிறப்பு அதிகாரம்' கேட்டார். ஆதரவு 455, எதிர்ப்பு 76. பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்து ஓட்டுப் போட்டது. காரணம் இடதுசாரி ஒற்றுமை, சோஷலிஸ்டுகளை விட்டுவிடக் கூடாது. அந்த அதிகாரத்தை வைத்துத்தான் படை குவிந்தது. அடுத்த ஆண்டு அல்ஜியர்ஸ் நகரின் போலீஸ் வேலையைப் பாராசூட் படை எடுத்துக்கொண்டது. 1957 ஜூனில் அந்தப் படை ஒரு வீட்டுக் கதவைத் தட்டி மொரீஸ் ஒதேன் என்ற 25 வயது கணித ஆசிரியரைக் கூட்டிப் போனது. திரும்பி வரவில்லை. ஒதேன் யார்? அல்ஜீரியக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். தோழர்கள் கை தூக்கிக் கொடுத்த அதிகாரம் தோழரையே விழுங்கியது. சித்திரவதை செய்து கொன்றார்கள், பொறுப்பு அரசுடையது என்று 2018-ல் ஒத்துக்கொண்டவர் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன். வங்கியிலிருந்து அரசியலுக்கு வந்தவருக்கு வந்த வாய் நம்ம மேடைக்கு வரவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அடிமைப்பட்டுக் கிடக்கிறவன் எழுந்து நிற்கும்போது, அவனுக்கு முகூர்த்தம் பார்த்துச் சொல்ல நாம் யார்? "இப்போது வேண்டாம், முதலில் இங்கே புரட்சி வரட்டும், அப்புறம் உனக்குத் தானாக வரும்" என்று சொல்லும் உரிமையை எந்த மார்க்சியம் கொடுத்தது? 1920-ல் உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலம், தன்னோடு சேர வரும் கட்சிகளுக்குப் போட்ட 21 நிபந்தனைகளில் எட்டாவது, உங்கள் நாட்டின் காலனிகளில் நடக்கும் விடுதலை இயக்கங்களை வாயால் ஆதரித்தால் போதாது, செயலால் ஆதரியுங்கள் என்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் தூர் நகர மாநாட்டில் பிரெஞ்சுக் கட்சி பிறந்தபோது, மண்டபத்தில் எழுந்து நின்று இந்தோசீனாவுக்காகப் பேசிய மெலிந்த இளைஞர்தான் பின்னாளில் வியட்நாம் விடுதலைத் தலைவரான ஹோ சி மின். அந்த மாநாட்டில் பிறந்த கட்சிதான் 1956-ல் கை தூக்கியது.

1956 ஏதோ ஒரு நாள் கால் தடுக்கிய கதை என்றும் சொல்ல முடியாது. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த கொண்டாட்டம். செத்தீஃப் நகரில் அல்ஜீரியக் கொடி பிடித்து ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. கலவரம் வெடித்து சுமார் நூறு ஐரோப்பியர்கள் செத்தார்கள். பதிலுக்கு ராணுவம் ஆயிரக்கணக்கில் கொன்றது. அப்போது பாரிஸ் அமைச்சரவையில் கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் இருந்தார்கள். கட்சிப் பத்திரிகை அதை ஹிட்லரின் கைக்கூலிகள் வேலை என்று எழுதியது. கையாள் பட்டம் இன்று நேற்று அச்சடித்தது இல்லை, எனக்குக் கிடைத்தது பழைய ஸ்டாக்.

இதெல்லாம் புதுச்சேரிக்காரனுக்கு எதற்கு என்று ஒரு அண்ணன் கமெண்டில் கேட்டார். புதுச்சேரிக்காரனுக்குத்தான் அண்ணே! 1936 ஜூனில் பாரிஸில் இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணியின் ஆட்சி. அங்கே தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை, வாரம் 40 மணி நேர வேலை. அடுத்த மாதம், ஜூலை 30, அதே ஆட்சியின் கீழ் இங்கே வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளிகள் மீது துப்பாக்கிச் சூடு, 12 பேர் சாவு. இங்கத்திய கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் வரை போய் வாதாட வேண்டியிருந்தது. எட்டு மணி நேர வேலையைப் பாரிஸ் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1937 ஜனவரியில் அதே மக்கள் முன்னணி அரசுதான் வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் அமைப்பைத் தடை செய்தது. இன்னொன்று. 1954 நவம்பர் 1, புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த நாள். அல்ஜீரியாவில் ஆயுதம் ஏந்திய விடுதலை முன்னணி முதல் குண்டு வெடித்ததும் அன்றைக்குத்தான். இங்கிருந்து வெளியே போனவன் அங்கே எட்டு வருஷம் உட்கார்ந்து சுட்டான்.

சுட்டவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. என் பாட்டியின் தம்பி ஒரு சொல்தா, பிரெஞ்சுப் படைச் சிப்பாய். அல்ஜீரியாவில் இருந்தவர். பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருந்ததால் தெருவில் அவருக்குத்தான் மரியாதை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-க்கு மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார். என் தாத்தா மில் தொழிலாளி, செங்கொடிச் சங்கம். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்தால் சண்டைதான். "மலைக்காட்டில ஆடு மேய்க்கிறவனைச் சுட்டுட்டு வந்து மெடலா குத்திக்கிறே" என்பார் தாத்தா. ஒருநாள் பாட்டியின் தம்பி திருப்பிக் கேட்டார்: "உங்க ஆளுங்க ஓட்டுப் போட்டுத்தானே மாமா எங்களை அனுப்பினாங்க?" தாத்தா வாயடைத்துப் போனதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். சிறுவனாக இருந்த எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிய பிறகு மேடையில் கேட்டால் கலாட்டாவாம்.

சரி, அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "உன் விடுதலை முன்னணி மட்டும் யோக்கியமா? ஓட்டலில் குண்டு வைக்கவில்லையா? 1962 நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியையே தடை செய்யவில்லையா?" செய்தார்கள். குண்டில் செத்தவர்கள் அப்பாவிகள், அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. தடையும் தப்புதான். ஆனால் 1962-ல் அவர்கள் செய்யப்போகிற தப்புக்கு 1956-லேயே தண்டனை கொடுக்கும் தீர்க்கதரிசனம் கட்சிக்கு இருந்ததா? விடுதலை கேட்கிறவன் நன்னடத்தைச் சான்றிதழோடு வரிசையில் நிற்க வேண்டுமென்றால் உலகத்தில் ஒரு காலனியும் விடுதலை ஆகியிருக்காது.

"தியாகம் செய்த பிரெஞ்சுத் தோழர்களைக் கொச்சைப்படுத்துகிறாய்" என்கிறார்கள். இதுதான் எனக்கு வலிக்கிறது. யார் கொச்சைப்படுத்துவது? அல்ஜீரிய மக்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறைக்குப் போன கம்யூனிஸ்ட் சிப்பாய் அல்பான் லியெக்தி பெயர் அந்த முக்கால் மணி நேரத்தில் வந்ததா? பாரிஸில் 1962 பிப்ரவரி 8, ஷரோன் மெட்ரோ வாசலில் போலீஸ் அடித்து ஒன்பது பேர் செத்ததைப் பேச்சாளர் உருக்கமாகச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது. அவர்கள் இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். அதற்கு நான்கு மாதம் முன்னால், 1961 அக்டோபர் 17, அதே நகரம், அதே போலீஸ், அதே கமிஷனர் மொரீஸ் பப்போன். ஊரடங்கை எதிர்த்து அமைதியாக வந்த அல்ஜீரியர்களை அடித்துக் கொன்று சென் நதியில் தள்ளினார்கள். அவர்களுக்கு எத்தனை லட்சம் பேர் திரண்டார்கள்? ஒன்பது பேருக்குக் கண்ணீர், ஆற்றில் மிதந்தவர்களுக்கு 'ஸ்தூலமான சூழ்நிலை'. இதைக் கேட்டால் நான் சீர்குலைவுவாதி.

இன்பாக்ஸில் ஒரு தம்பி, "அப்படியானால் எமே செசேர் மாதிரி ராஜினாமா செய்துவிட்டுப் போங்களேன்" என்று எழுதியிருக்கிறார். செசேர் 1956 அக்டோபரில் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தொரேஸுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கட்சியை விட்டு வெளியேறினார். அவர் கவிஞர், பெரிய மனிதர், போகலாம். எனக்கு இவெத்தோன் போதும். ஃபெர்னான் இவெத்தோன், அல்ஜியர்ஸ் எரிவாயுத் தொழிற்சாலைத் தொழிலாளி, ஐரோப்பிய வம்சம், கம்யூனிஸ்ட். விடுதலைப் போரில் சேர்ந்து தொழிற்சாலையில் குண்டு வைத்தார். அது வெடிக்கவில்லை, யாருக்கும் கீறல் கூட இல்லை. 1957 பிப்ரவரி 11 விடியற்காலையில் கில்லட்டினில் தலையை வெட்டினார்கள், அவரோடு இரண்டு அல்ஜீரியர்களையும். கருணை மனுவை ஏற்க வேண்டாம் என்று நின்ற நீதித்துறை அமைச்சர் பெயர் மித்தரான். ஆமாம், பின்னாளில் இடதுசாரி ஜனாதிபதி ஆனாரே, நாம் கூட வெடி வெடித்தோமே, அவரேதான்.

இவெத்தோன் முகூர்த்தம் பார்க்கவில்லை. அவரும் இந்தக் கொடிக்குக் கீழே நின்றவர்தான், அதனால் நான் எங்கேயும் போவதாக இல்லை. என் நடத்தை குறித்து எழுத்துமூலம் விளக்கம் கேட்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். இதையே பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்.