குத்தின் கனம் எங்கிருந்து வருகிறது?

பெரிய குத்துச்சண்டைப் போட்டி எதுவும் அறிவிக்கப்பட்டால் போதும், நண்பர்களிடையே அதே விவாதம் தொடங்கிவிடுகிறது. எடைபார்க்கும் மேடையில் சட்டையில்லாமல் நிற்கும் இருவரின் படத்தைப் பார்த்துவிட்டு, எவருடைய புஜம் தடித்திருக்கிறதோ அவருடைய குத்தே பலமானது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சற்று விவரம் தெரிந்தவர்களோ, குத்தின் வலிமை பிறப்பிலேயே வருவது, வேகத்தையும் தற்காப்பையும் சொல்லிக்கொடுக்கலாமே தவிர வலிமையைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்கிறார்கள். இரண்டு கட்சியிலும் நான் இல்லை. ஒருவர் எந்த வகைக் குத்தால் எதிராளியைச் சாய்க்க முடியும் என்பதை உடல்வாகு தீர்மானிக்கிறது. அந்தக் குத்தோடு உடலில் எவ்வளவு பங்கு போய்ச் சேர்கிறது என்பதை நுட்பம் தீர்மானிக்கிறது என்பதே என் கருத்து.

பிறவி வலிமை பேசுவோரிடம் நான் எடுத்துவைப்பது அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் தாமஸ் ஹேர்ன்ஸின் கதையை. டெட்ராய்ட் நகரின் க்ரோங்க் ஜிம்மில் உருவான அவர் ஆறடி ஓரங்குல உயரமும் 78 அங்குலக் கை எட்டும் (விரித்த இரு கைகளின் விரல்நுனிகளுக்கு இடையிலான தூரம்) கொண்டவர். அவர் தொழில்முறையில் காலடி வைத்த வெல்டர்வெயிட் பிரிவின் எடை வரம்போ 147 பவுண்டு, அதாவது 67 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மெலிந்த கால்களும் நீண்ட கைகளும் கொண்ட அந்த இளைஞரை அமெச்சூர் காலத்தில் யாரும் பலமாகக் குத்துபவர் என்று சொன்னதில்லை. அவருடைய ஏராளமான வெற்றிகளில் நாக் அவுட்டுகள் மிகச் சிலவே. 1977 இல் தொழில்முறைக்கு மாறியவர் முதல் 17 எதிராளிகளையும் நாக் அவுட் செய்தார். 1980 இல் பிபினோ குவேவாஸையும் 1984 இல் ரொபெர்ட்டோ டுரானையும் இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். பதின்வயதைத் தாண்டியதில் உடல் முதிர்ந்தது ஓரளவு உதவியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எலும்புகளின் நீளமோ தோளின் அகலமோ திடீரென்று மாறிவிடவில்லை. புள்ளிக்காகத் தொட்டுவிட்டு விலகும் பழக்கத்தை மாற்றி, முழு உடலையும் வலக்கைக் குத்துக்குப் பின்னால் கொண்டுவரப் பழக்கியவர் பயிற்சியாளர் இமானுவல் ஸ்டூவர்ட்.

முழு உடல் என்று சொல்வது மிகையல்ல. பின்காலின் முன்பாதம் தரையை அழுத்தித் திரும்புகிறது. அந்த உந்துதல் முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறுகிறது. இடுப்பு திரும்பிய பிறகே மார்பும் தோளும் திரும்புகின்றன. கை கடைசியாகத்தான் புறப்படுகிறது. இந்த வரிசையில் ஒன்று முந்தினாலும் பிந்தினாலும், கீழிருந்து வரும் உந்துதல் வழியிலேயே சிதறிவிடும். புதிதாகக் குத்தப் பழகுபவர்கள் பெரும்பாலும் கையைத்தான் முதலில் வீசுகிறார்கள். இடுப்பு பிறகு ஒப்புக்குத் திரும்பும்.

1985 இல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில் ஹெவிவெயிட் (மிகக் கனமானவர்களின் பிரிவு) வீரர் ஃப்ராங்க் ப்ரூனோவின் குத்து அளக்கப்பட்டது. கை வினாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கை அடைந்தது. உச்ச விசை 4,096 நியூட்டன். ஏறத்தாழ 6 கிலோ எடையுள்ள, மெத்தை சுற்றிய மரச்சுத்தியலை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதற்கு அது ஈடானது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சுமார் 100 கிலோ எடையுள்ள மனிதரிடமிருந்து இலக்குக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான் என்பதையே நான் கவனிக்கச் சொல்வேன். 2005 இல் ஒலிம்பிக் வீரர்கள் ஏழு பேரை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வில், எடை கூடிய பிரிவினரின் குத்து பலமாக இருந்ததற்கு முதன்மைக் காரணம் கைவேகமன்று, மோதும் கணத்தில் முஷ்டிக்குப் பின்னால் செயல்படும் நிறை என்று தெரியவந்தது. அந்த நிறை சராசரியாக 2.9 கிலோவே.

ஆகவே எடைப் பிரிவுகள் அர்த்தமுள்ளவை. நுட்பம் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நுட்பம் சமமாக இருந்தால் கனமானவரே பலமாகக் குத்துவார். ஆனால் கனத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதில் வீரருக்கு வீரர் பெரிய வேறுபாடு உண்டு. 1919 இல் ஜாக் டெம்ப்சி சுமார் 85 கிலோ எடையோடு, 111 கிலோ எடையும் ஆறரை அடி உயரமும் கொண்ட ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் சாய்த்தது இந்த வேறுபாட்டால்தான். முன்காலை எடுத்துவைக்கும்போது உடல் முன்னோக்கி விழுகிற அந்தக் கணத்திலேயே குத்தை விடுவது அவருடைய வழி.

உடல்வாகு குத்தின் வகையைத் தீர்மானிக்கிறது என்றேன். ராக்கி மார்சியானோவின் கை எட்டு 68 அங்குலம். ஹெவிவெயிட் சாம்பியன்களில் மிகக் குட்டையான கைகளுள் ஒன்று. ஹேர்ன்ஸைப்போலத் தூரத்திலிருந்து நேர்க்குத்து விடச் சொல்லியிருந்தால் அவர் எவரையும் தொட்டிருக்கவே மாட்டார். பயிற்சியாளர் சார்லி கோல்ட்மேன் அவரை மேலும் குனியவைத்து, உள்ளே புகுந்து, குறுகிய வீச்சில் குத்தப் பழக்கினார். 1952 இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்த நிலையில், பதின்மூன்றாவது சுற்றில் மிகக் குறைந்த தூரமே பயணித்த ஒரு வலக்கைக் குத்தால் பட்டத்தை வென்றார். குட்டை உருவத்தைக் குறையாகக் கருதாமல் அதற்கேற்ற குத்தைத் தேடியதே கோல்ட்மேனின் மேதைமை.

புஜத்தின் தடிமன் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்கையை மடக்கும் தசையைப் பெருக்கிக்கொண்டு நேர்க்குத்தைப் பலப்படுத்தலாம் என்று நம்புவதில் தர்க்கமே இல்லை, ஏனென்றால் நேர்க்குத்தில் கை நீள வேண்டும். தேர்ந்த வீரர்களின் தசைகள் புறப்படும்போது ஒருமுறை இறுகி, நடுவழியில் தளர்ந்து, மோதும் கணத்தில் மறுபடி இறுகுகின்றன. தொடக்கம் முதல் முடிவுவரை இறுக்கிப் பிடித்திருப்பவரின் கை தன்னையே தடுத்துக்கொள்கிறது.

என் வாதத்துக்கு எதிராக அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் டியோன்டே வைல்டரை நிறுத்தலாம். பாடநூல் கணக்கில் அவருடைய நுட்பம் பல குறைகள் உடையது. ஆனாலும் 2018 டிசம்பரில் சுமார் 96 கிலோ எடையோடு, தம்மைவிட 20 கிலோ கனமான டைசன் ஃப்யூரியை இருமுறை தரையில் வீழ்த்தினார். போட்டி சமநிலையில் முடிந்தது. நிற்கும் முறையிலும் இடக்கையிலும் எத்தனை குறை இருந்தாலும், நேராக வரும் அந்த வலக்கைக் குத்தில் அவருடைய உடல் முழுவதும் இருந்தது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். 2020 பிப்ரவரியில் நடந்த மறுபோட்டிக்கு வைல்டர் 8 கிலோவுக்கும் மேல் எடை கூடி வந்தார். ஃப்யூரியும் எடை கூடியிருந்தார். அதோடு, பலமாகக் குத்தப் பழக வேண்டுமென்றே, இமானுவல் ஸ்டூவர்ட்டின் உடன்பிறந்தார் மகனும் க்ரோங்க் மரபில் வந்தவருமான சுகர்ஹில் ஸ்டூவர்ட்டைப் பயிற்சியாளராக அமர்த்தியிருந்தார். ஏழாவது சுற்றில் வைல்டரின் தரப்பு துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டு போட்டியை நிறுத்தியது. இருவரும் கனம் கூட்டி வந்த அந்த இரவில், அதைக் குத்துக்குள் கொண்டுவரக் கற்றிருந்தவர் ஃப்யூரி மட்டுமே என்பது என் கணிப்பு.