கல்வே கட்டடத்துக்கு சிமென்ட் ஆகாது
புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள கல்வே கல்லூரிக் கட்டடம் பற்றிய கட்டுரைக்கு நன்றி. கல்வே சுப்பராய செட்டியார் பெயரைத் தாங்கிய பிரெஞ்சுக் காலத்துக் கல்லூரிதான் அது. பராமரிப்பு பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். புதுச்சேரியின் இத்தகைய பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே பொடியாக உதிரும். கடற்காற்று வேறு! விரிசலுக்கும் நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும். கடுக்காய், வெல்ல ஊறல் சேர்த்தால் பிடிப்பு கூடும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அத்தனையும் வீண், வெள்ளையடிப்பே போதும். மழைக்கு முன் மாடித் தூம்புகளில் முளைக்கும் அரசங்கன்றுகளை வேரோடு எடுங்கள்.