கிளினிக்குக்கு முந்திய எட்டு மாதம்
கிளினிக்குகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்தாலே சைக்கோசிஸுக்கு (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற மனநோய்க்கு) ஆரம்பத்திலேயே சிகிச்சை கிடைத்துவிடும் என்கிறது நான் வாசித்த இந்தக் கட்டுரை. அந்தச் 'சேர்த்தாலே' தான் எனக்கு இடிக்கிறது. முதன்முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கான சிகிச்சை பற்றி அமெரிக்காவில் 34 மருத்துவ நிலையங்களில் நடந்த ரெய்ஸ் (RAISE) ஆய்விலேயே, நோய் தொடங்கிச் சிகிச்சைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 74 வாரம். அந்தத் தாமதம் நடப்பது கிளினிக்குக்கு வெளியே. என் பெரியம்மாவின் மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது, கிணற்றடியில் யாரோ தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று தொடங்கினான். சாத்திரி, நூல் கட்டு, கோயில் நேர்த்தி என்று எட்டு மாதம் போனது. (நேர்த்தியைக் குறை சொல்லவில்லை, நானும் கூடப் போனவன்தான்.) பிறகு அவனுடைய கிளினிக் கொப்பியில் ஏறியது திகதியும் மருந்தும் மட்டும். எட்டு மாதத்துக்கு ஒரு வரி கூட இல்லை. கொப்பி மழையில் நனைந்தபின் வேறோர் ஆஸ்பத்திரியில் பெரியம்மா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அதனால் பொதுப் பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2019 இல் தொடங்கிய எபிநெட் (EPINET) என்ற சைக்கோசிஸ் கிளினிக்குகளின் வலையமைப்பைப் போல எல்லா இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும். ஆனால் 'இங்கே வர முதல் எங்கெங்கே போனீர்கள்?' என்பதை முதலில் கேட்கட்டும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், தரவைச் சேர்த்தால் நோயாளியின் இரகசியம் போய்விடும் என்று பயப்படுகிறார், சரி. நம்முடைய இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சிறப்பு வகையாகத்தான் வைத்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையிலோ பெரியம்மா கொப்பியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போவதைப் பார்த்தே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.