யோசேப்பின் கைகள்

இத்தாலிய ப்ரோக்ரெசிவ் ராக் என்றதும் நண்பர்கள் பலருக்கு நினைவுக்கு வருபவை மூக் சிந்தசைசர், மெலோட்ரான் போன்ற மின் விசைக்கருவிகளும், இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே விழுங்கிவிடும் நீண்ட பாடல்களும்தான். (ப்ரோக்ரெசிவ் என்பதை 'முற்போக்கு' என்று எழுதினால் இந்தப் பதிவுக்கு வேறு கூட்டம் வந்துவிடும் என்பதால் அப்படியே விடுகிறேன்.) அந்த வகையில் ஒரே ஒரு தட்டைப் பரிந்துரைக்கச் சொன்னால், அந்த அடையாளங்கள் ஏறக்குறைய எதுவுமே இல்லாத ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பேன். இத்தாலியப் பாடகரும் கவிஞருமான ஃபாப்ரிட்சியோ தே ஆந்த்ரே 1970 நவம்பரில் வெளியிட்ட 'லா புவோனா நோவெல்லா' அது. தமிழில் 'நற்செய்தி' என்றே சொல்லிவிடலாம்.

இது ராக்கே இல்லை, ஒரு பாடகரின் கிதார்ப் பாட்டுகள் என்று சண்டைக்கு வருவோர் உண்டு. வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள் என்பதே அவர்களுக்கு என் பதில். ஃப்ராங்கோ முசீதா, ஃப்ரான்ஸ் தி சோச்சோ, ஃப்ளாவியோ ப்ரெமோலி ஆகியோர் அப்போது 'இ குவெல்லி' என்ற பெயரில் மற்றவர்களின் ஒலிப்பதிவுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்கோனி (சுருக்கமாக பி.எஃப்.எம்.) என்ற ப்ரோக்ரெசிவ் ராக் குழுவாக முதல் தட்டைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. இசையை ஒழுங்குசெய்த ஜான் பியெரோ ரெவெர்பெரிதான் பின்னர் அதே வகையைச் சேர்ந்த லே ஓர்மே குழுவின் புகழ்பெற்ற தட்டுகளைத் தயாரித்தார். கருவிகள் அடக்கமாக இருக்கலாம், ஆட்கள் அதே ஆட்கள். முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை ஒரே கதை என்ற கட்டுமானமும் அதேதான்.

கதை, விவிலியத்தில் இடம்பெறாத புறநற்செய்திகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஏசு இதில் ஏறக்குறைய வருவதே இல்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களின் அச்சமும் வெட்கமும் துயரமும் கோபமுமே பாடல்கள். இத்தாலி மொழி எனக்குத் தெரியாது. வரிகளையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டவன் நான். அப்படிக் கேட்டபோது கண்ணில் பட்டது ஒன்றுதான். இந்தக் கவிஞர் உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைப்பதைவிட, பாத்திரங்களின் கைகளில் கொண்டுபோய் வைப்பதையே விரும்புகிறார்.

யோசேப்பு ஊர் திரும்பும் பாடலைச் சொல்கிறேன். கிழவரான அவர், சிறுமியான மரியாளைத் தனக்குக் கட்டிவைத்த பிறகு வேலைக்காக வெளியூர் சென்று நான்கு ஆண்டுகள் கழித்துக் கழுதையோடு வருகிறார். தச்சர் என்பதால் பாலைவனம்கூட அவர் கண்ணுக்கு மரத்தூள் பரப்பாகத்தான் தெரிகிறது. மரத்தில் செதுக்கிய ஒல்லியான பொம்மை ஒன்றை அவர் கை வருடிக்கொண்டே இருக்கிறது. விட்டுப்போன விளையாட்டுக்கு அவள் திரும்பட்டும் என்று கொண்டுவருகிறார். அவள் ஓடிவந்து அணைத்துக்கொள்கிறாள். அவள் தோளைச் சுற்றி வெறுமையாக நின்ற அவருடைய கைகள் இடுப்புக்கு இறங்கியதும் அங்கே ஓர் உயிரின் வடிவத்தால் நிரம்புகின்றன. திகைப்பு கைகளிலிருந்து கண்களுக்கு ஏறுகிறது. பொம்மை கொண்டுவந்த கை அறிந்துகொள்ளும் செய்தி அது! இந்த இடத்தில் இசை அலறியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அலறவில்லை.

மரியாள் ஒரு தச்சரின் பட்டறைக்குப் போகும் பாடலில் சுத்தியலும் இழைப்புளியுமே தாளம். போரில் கால் இழந்தவர்களுக்கு ஊன்றுகோல் செய்கிறாயா என்று அவள் கேட்க, இல்லை, மூன்று சிலுவைகள் என்கிறார் தச்சர். கொள்ளையடிக்கப் படையை விட்டு ஓடியவர்களுக்கு இரண்டு, போரையே விட்டு ஓடக் கற்றுக்கொடுத்தவனுக்கு மிகப் பெரியது. அதைக் கேட்ட பிறகு அந்தத் தட்டல் ஓசை வெறும் தாளமாகக் காதில் விழ மறுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் ரெவெர்பெரியின் வயலின் கூட்டம் தேவைக்கு மேல் இனிக்கிறது. சிலுவைப் பாதைப் பாடல் பாடுவதைவிட அதிகமாகப் பிரசங்கம் செய்கிறது. 1968இன் மாணவர் கிளர்ச்சியும், 1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரின் பியாட்சா ஃபொந்தானாவில் வெடித்த குண்டும் ஆறாத காயங்களாக இருந்த நாட்டில், இந்த நேரத்தில் ஏசுவைப் பற்றியா பாடுவது என்று தோழர்களே தே ஆந்த்ரேயைக் கேட்டார்கள். அதிகாரத்தை எதிர்த்தவரின் கதையை உருவகமாகத்தான் சொல்கிறேன் என்பது அவர் தந்த விளக்கம். அது நியாயமான விளக்கமே. ஆனால் அரை நூற்றாண்டு கழித்தும் நான் இதைக் கேட்பது அந்த உருவகத்துக்காக அல்ல.

'மூன்று தாய்மார்' என்ற பாடலுக்காக. சிலுவையடியில் இரு கள்வர்களின் தாய்மாரும் மரியாளிடம், உன் பிள்ளை மூன்றாம் நாள் திரும்பிவிடுவான், திரும்பாதவர்களுக்காக நாங்கள் கொஞ்சம் உரக்க அழுதுகொள்கிறோம், விடு என்கிறார்கள். மரியாள் வாதாடவில்லை. அந்த மெலிந்த கைகளையும் நெற்றியையும் முகத்தையும் எண்ணி அழுகிறாள். நீ கடவுளின் மகனாக இல்லாதிருந்தால் இன்னும் என் மகனாக இருந்திருப்பாயே என்கிறாள். வேறு யாராவது எழுதியிருந்தால் இதன்மீது ஐந்து நிமிட ஆர்கன் ஏறியிருக்கும்.

பி.எஃப்.எம். குழுவினர் இந்தப் பாடல்களுக்கு மேலும் இருமுறை திரும்பினார்கள். 1979இல் தே ஆந்த்ரேயோடு மேடையேறியபோது பட்டறைப் பாடலையும், சிலுவையில் ஏற்றப்பட்ட கள்வன் தீத்தோ பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எதிர்த்துப் பேசும் பாடலையும் மின்கருவிகளோடு வாசித்தார்கள். அவர் 1999இல் மறைந்த பின், 2010இல் முழுத் தட்டையும் புதிதாக, நீண்ட இசைப் பகுதிகள் சேர்த்து வெளியிட்டார்கள். திறமைக்குக் குறைவில்லை. இது ராக்கா என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். இரவில் எனக்காக எடுப்பது 1970ஐ. 'மூன்று தாய்மார்' முடிந்ததும் நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டதால், அடுத்து வரும் தீத்தோவின் பாடலை நான் பெரும்பாலும் மறுநாள்தான் கேட்கிறேன்.