தெரியாமல் இல்லை, போக முடியவில்லை
வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகள் ஏன் பயிற்சிக்கு வருவதில்லை என்ற உங்கள் கட்டுரையில், ‘ஏழைப் பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. மகனுக்குப் பேச்சுப் பயிற்சி வேலைநாளில், அதுவும் பகலில் மட்டும். போகும்போதெல்லாம் ஒருநாள் கூலி போச்சு. மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டேன். பயிற்சி தந்த இடத்தில் அவன் கோப்பில் ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று எழுதியிருந்தார்கள்! எந்தச் சான்றிதழை முதலில் வாங்கணும், எத்தனை நகல் வேணும் என்று கடைசியில் வழிகாட்டியது, அங்கே காத்திருந்த இன்னொரு பிள்ளையின் அம்மாதான். உலக சுகாதார அமைப்பு, வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்று வகுத்த பயிற்சியில் 9 குழு வகுப்புகளோடு 3 முறை வீட்டுக்கே வருவதும் உண்டு. நடத்துபவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்குத் தேவை அந்த வீட்டுக்கு வருகிற பகுதிதான். மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘பயிற்சிக்கு ஒரு செயலி போதுமே’ என்கிறார். வீட்டில் இருக்கிற ஒரே போனை வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறாரே, ஐயா?