உரிமம் விற்பவர்களே, காசை வாங்குமுன் அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்

ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 ஆகிய இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கும் அதே நாள்தான் கெடு. பழைய மென்பொருள் அன்றிரவே நின்றுவிடவில்லை என்பது உண்மைதான். வேர்ட் இன்னும் திறக்கிறது, எக்செல் இன்னும் கூட்டிக் கழிக்கிறது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்களும் சம்பள விவரங்களும் அடங்கிய கோப்புகளை அதில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை. ஆகவே முறைப்படி காசு கொடுத்துப் புதியதை வாங்குவதென்று முடிவெடுத்தேன். ஒழுங்காக நடந்துகொள்ள விரும்பும் ஒருவரை இந்த வியாபாரம் எப்படிப் பந்தாடுகிறது என்பதைப் பார்த்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டில் இருந்தபடியே ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். சில சிறு கடைகளுக்கு மாதக் கணக்கும் எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு வேண்டியவை வேர்டும் எக்செல்லும் மட்டுமே. கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: இதை வைத்து நான் சம்பாதிக்கலாமா, கூடாதா?

கணினிக் கடையில் இருந்த தமிழ்த் தம்பி இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். “வீட்டுலதானே வேலை பாக்குறீங்க, அப்ப ஹோம் போதும்க்கா” என்று அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை வைத்து வாடிக்கையாளருக்குப் பணவிவரச் சீட்டு (இன்வாய்ஸ்) அடித்து அனுப்பலாமா என்று திரும்பக் கேட்டேன். “அதெல்லாம் யாரும் செக் பண்ண மாட்டாங்கக்கா” என்றார். யார் சோதிப்பார்கள் என்றா நான் கேட்டேன்? அனுமதி உண்டா என்றல்லவா கேட்டேன்! பிடிபடுவோமா மாட்டோமா என்பது மட்டுமே கணக்கு என்றால் நான் கடைக்கே வந்திருக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் வட்டு எதுவும் கிடையாது. குறியீட்டு எண் அச்சிட்ட ஓர் அட்டைதான் இருக்கும். உரிம நிபந்தனைகள் முழுவதும் கண்முன் வருவது, பணம் கட்டி, வீட்டுக்கு வந்து, நிறுவத் தொடங்கி, ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான். அந்த நேரத்தில் அதை யார் படிப்பார்கள்? படித்தாலும் உறையைப் பிரித்த பெட்டியை எந்தக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வார்?

உண்மை நிலவரம் இதுதான். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆஃபிஸ் 2024இல் சில்லறையாக இரண்டு வகைகள் விற்கப்படுகின்றன. ‘ஹோம்’ என்பதில் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட், ஒன்நோட் ஆகியவை இருக்கின்றன. ‘ஹோம் அண்ட் பிசினஸ்’ என்பதில் இவற்றோடு அவுட்லுக்கும், தொழிலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து வருகின்றன. அமெரிக்காவில் அறிமுகமானபோது முதலாவதன் விலை 149.99 டாலர், இரண்டாவதன் விலை 249.99 டாலர். நான் மின்னஞ்சலை உலாவியிலேயே பார்த்துக்கொள்கிறேன். அவுட்லுக்கை வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்படியானால் அந்த நூறு டாலர் வித்தியாசத்தை நான் எதற்குக் கொடுக்கிறேன்? அதே எக்செல்லில், அதே கூட்டல் வாய்பாட்டை, கூலி வாங்கிக்கொண்டு போடுவதற்கான அனுமதிக்காகத்தான். சோற்றுப் பானை வாங்குகிறவரிடம், இதில் வடித்த சோற்றை விற்பதானால் விலை வேறு என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? வணிகத்துக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்பார், அது நியாயம். ஆனால் வடிப்பதே குற்றம் என்று சொல்லமாட்டார்.

சரி, விதி அவர்களுடையது, பொருளும் அவர்களுடையது; கூடுதல் விலை கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நான் எரிச்சலடைவது விலைக்காக அல்ல. அந்த விதியை விலைச்சீட்டுக்கு அருகில் ஒரே வரியில் எழுதி வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லையே, அதற்காகத்தான்.

இந்த ஊரில் வீட்டிலிருந்து செய்யும் சிறு தொழில் என்பது யாருக்கும் தெரியாத ஒளிவுமறைவுச் சங்கதியா என்ன? வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது; நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடந்துகொண்டால் தனியாக அனுமதிகூடக் கேட்க வேண்டியதில்லை. துணைப்பாடம் சொல்லித் தருகிறவர் ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிற அளவுக்கு அது விவரமாக எழுதப்பட்டிருக்கிறது. அடையாள அட்டையில் உள்ள தம் முழுப் பெயரிலேயே தனியாகத் தொழில் செய்கிறவர், தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவிடம் பதிவுசெய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அரசாங்கமே இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்து, அவர்கள் சுமக்கும் காகித வேலையைக் குறைத்து வைத்திருக்கும்போது, மென்பொருள் விற்பவர்களின் கண்ணுக்கு மட்டும் ஒன்று பள்ளிப்பாடம் எழுதும் குடும்பம் தெரிகிறது, இல்லையென்றால் ஊழியர்கள் நிறைந்த அலுவலகம் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில், சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மகனின் கணக்குப் புத்தகத்தையும் மறு முனையில் தன் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு பிழைக்கிற ஒருத்தியைக் காணோம்.

பெட்டி வேண்டாம், சந்தா கட்டலாம் என்று போனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல், ஃபேமிலி ஆகிய இரண்டும் சொந்த உபயோகத்துக்கானவை. வணிக உரிமை வேறோர் ஒப்பந்தத்தின் வழியாக இருந்தாலொழிய, அவற்றை வைத்துத் தொழில் செய்யக் கூடாது என்று சேவை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது. ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பதால் என் சொந்தத்தில் பாதிப் பேர் ஃபேமிலி சந்தாவைத்தான் கட்டுகிறார்கள். கேக் செய்து விற்கும் என் அண்ணியும், துணைப்பாடம் நடத்தும் சித்தி மகளும் அதில் அடக்கம். அப்படி ஒரு நிபந்தனை இருப்பதாகவே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

விலையேற்றத்திலும் இதே கள்ள மௌனம்தான். கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்து இந்தச் சந்தாக்களின் விலையை உயர்த்தியபோது, முதலில் அதைச் செய்துபார்த்த ஒருசில நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் பெர்சனல் ஆண்டுச் சந்தா 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159க்குத் தாவியது. கோபைலட் இல்லாத ‘கிளாசிக்’ சந்தா பழைய விலையிலேயே கிடைத்தது என்பதும், சந்தாவை ரத்துசெய்யப் போனால்தான் அது கண்ணில் பட்டது என்பதும், அந்நாட்டுப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில் வைத்த குற்றச்சாட்டு. சுமார் 27 லட்சம் பேர் தவறாக வழிநடத்தப்பட்டதாக ஆணையம் கூறியது. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. வாங்கும் வழியில் சொல்லாமல், வெளியேறும் வழியில் மட்டும் சொல்வது என்ன வியாபார நாகரிகம்?

தொழிலுக்கான சந்தாவுக்குப் போங்கள் என்பார்கள். போய்ப் பார்த்தால், 300 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கென்று வகுத்த திட்டங்கள் அவை. நிறுவனத்தின் பெயர் என்ன, ஊழியர்கள் எத்தனை பேர் என்று விண்ணப்பம் கேட்கிறது. மலிவாக இருக்கிறதே என்று ‘பேசிக்’ திட்டத்தை எடுத்தால், வேர்டும் எக்செல்லும் உலாவியிலும் கைப்பேசியிலும்தான் கிடைக்கும். கணினியில் நிறுவிக்கொள்ள ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘ஆப்ஸ் ஃபார் பிசினஸ்’ வேண்டும். ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டு மாதாமாதம் கட்டினால் 2025 ஏப்ரலிலிருந்து ஐந்து விழுக்காடு கூடுதல். ஏழு நாளுக்குள் மனம் மாறாவிட்டால் ஆண்டு முடியும்வரை கட்டியே தீர வேண்டும். இதற்கு மேல், ஏற்கெனவே சொந்தக் கணக்குக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியையே தொழில் கணக்குக்கும் கொடுத்துவிட்டால், உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் வேலைக் கணக்கா, சொந்தக் கணக்கா என்ற விசாரணை வேறு. ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் நான், எனக்கு நானே நிர்வாகியாகி, எனக்கு நானே உரிமம் ஒதுக்கிக்கொள்ள வேண்டுமாம்.

இத்தனையையும் கேட்ட உறவினர் ஒருவர், இணையத்தில் பத்து இருபது வெள்ளிக்கு ‘வாழ்நாள் கீ’ கிடைப்பதாக வாட்ஸ்அப்பில் சுட்டி அனுப்பினார். அப்படி விற்கப்படுபவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனமோ பள்ளியோ மொத்தமாக வாங்கிய உரிமத்திலிருந்து உருவி எடுக்கப்பட்டவை. அந்த நிறுவனம் கணக்கை மூடினாலோ, மைக்ரோசாஃப்ட் அந்தக் குறியீட்டை முடக்கினாலோ வாழ்நாள் அத்தோடு முடிந்தது. விற்றவரை எங்கே போய்த் தேடுவது? முறையான வழி இப்படி முட்புதராக இருக்கும்வரை அந்தச் சுட்டிகளுக்கு ஆள் குறையப்போவதில்லை.

முதலாளி அனுமதித்து வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று: அலுவலக வேலைக்கான உரிமத்தைத் தர வேண்டியது அலுவலகம். உங்கள் குடும்பச் சந்தாவில் அந்த வேலையைச் செய்யச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்.

லிப்ரேஆஃபிஸ் இருக்கிறதே, காசே வேண்டாமே என்பவர்களுக்கு நான் எதிரி அல்லள். தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு அங்கே ஒளிவுமறைவில்லாமல் பதில் கிடைக்கிறது: தாராளமாகப் பயன்படுத்தலாம். அண்ணிக்கு அதைத்தான் நிறுவிக் கொடுத்தேன். விலைப்பட்டியலும் வரவு செலவும் எழுத அது தாராளமாகப் போதும். என் நிலை வேறு. வாடிக்கையாளர்கள் லதா எழுத்துருவில் அமைத்து அனுப்பும் வேர்ட் கோப்பை அதில் திறந்தால், சில நேரங்களில் அட்டவணைக் கட்டங்கள் நகர்ந்து, ஒரு பக்கச் சான்றிதழின் கடைசி வரி மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்தில் போய் நிற்கிறது. மூலத்தின் பக்க அமைப்பு மாறக் கூடாது என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கடைசியில் ‘ஹோம் அண்ட் பிசினஸ் 2024’ஐத்தான் வாங்கினேன். பழையதை வைத்திருப்பவருக்கு மேம்படுத்தும் விலை, தள்ளுபடி என்று எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர் கொடுக்கும் அதே முழு விலைதான். ஆதரவுக் காலமோ தேய்ந்துவிட்டது: 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பத்து ஆண்டுகள் கிடைத்தன, 2019க்கு ஏழு, 2021க்கும் 2024க்கும் ஐந்து. நான் வாங்கியது 2029 அக்டோபர் 9ஆம் தேதிவரை ஓடும். கொடுத்த விலையில் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டியும் அடக்கம். ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்கள் பதிவுசெய்துகொண்டு அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். என்னைப் போன்றவர்கள் அதையும் சேர்த்துத் தொழில் செலவு என்று எழுதிக்கொள்வதோடு சரி. அந்தச் செலவுக்கான ஆதாரத்தை ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது உள்நாட்டு வருவாய் ஆணையம். கடையில் தந்ததோ வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் பளபளப்புத் தாள் ரசீது. தொழில் பெயரைப் போட்டு முறையான பணவிவரச் சீட்டு கொடுங்கள் என்று கேட்டதற்கு, “ஹோம் யூசருக்கு அதெல்லாம் தரமாட்டோம்க்கா” என்றார் அதே தம்பி, ‘பிசினஸ்’ என்று அச்சிட்ட பெட்டியை என் பைக்குள் போட்டபடியே.