உயிரைக் காப்பாற்றினால் கேஸா?

"தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அவருக்கு ஜெயில்தான். கேரளாவில் சேர்த்தால் இரண்டு மாநில போலீசும் வரும்." தமிழக–கேரள எல்லையில் குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை இருந்தது, சரி. ஆனால் 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் (பாரதிய நியாய சன்ஹிதா) அந்தப் பழைய பிரிவு இல்லவே இல்லை. (அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்ய வைக்கவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதற்குத் தனிப் பிரிவு உண்டு, அது வேறு கதை.)

மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கலாம். அது பதிவுதான், தண்டனை அல்ல. சோதனைச்சாவடியின் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வதந்தியின் உண்மையான ஆபத்து அப்புறம்தான் வருகிறது. ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் வாய்ப்பு அதிகம். பயந்து வீட்டிலேயே மறைத்தால், அவருக்கு மனநல மருத்துவர் கிடைக்காமலே போகிறார்.

பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. கேரளாவில் அந்த மாநில அரசின் உதவி எண் திசா 1056. இரண்டும் இலவசம், 24 மணி நேரமும்.